சுழலும் எஞ்சின் கண்ட பெலிக்ஸ் வாங்கெல்

மோட்டார் உலகத்தை ஒரு காலத்தில் கலக்கிய எஞ்சினைக் கண்டுபிடித்தவர், தம் வாழ்நாளில் கார் ஓட்டும் லைசென்சு வாங்கியதே இல்லை. பார்வை அவ்வளவு மோசம். கல்லூரியில் சேர்ந்து படித்தவரும் அல்லர். புத்தகக் கம்பெனி ஒன்றில் சிப்பந்தியாக வேலை பார்த்தவர். ஆனாலும் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா என்று பெரிய பெரிய தொழிற்சாலைகள் அவருடைய எஞ்சினுக்காகப் பணத்தைக் கொட்டின. அவர்தாம் பெலிக்ஸ் வாங்கெல். பிஸ்டன் மேலும் கீழும் குதிக்காமல் வட்டமாகவே சுழலும் ரோட்டரி எஞ்சினின் தந்தை.

இவருடைய வாழ்க்கையில் பாராட்டத்தக்கதும் உண்டு, மன்னிக்கக் கடினமானதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

இளமையும் வறுமையும்

வாங்கெல் 1902-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி ஜெர்மனியில் லார் என்ற ஊரில் பிறந்தார். தந்தை காட்டு இலாகா அதிகாரி. முதல் உலகப் போர் 1914-ல் மூண்டதும் தந்தை போர்முனைக்குப் போனார். அந்த ஆண்டிலேயே மாண்டார். தாயும் மகனும் ஹைடல்பெர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். போர் முடிந்தபின் ஜெர்மனியில் விலைவாசி ஏறிய ஏற்றத்தில் தாயின் சேமிப்பெல்லாம் கரைந்துவிட்டது. 1921-ல் வாங்கெல் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதாமலே படிப்பை நிறுத்தினார். கல்லூரிக்கு அனுப்பக் கையில் காசில்லை.

ஹைடல்பெர்க்கில் விஞ்ஞானப் புத்தகங்கள் வெளியிடும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1926 வரை அங்கே இருந்தார். பகலில் புத்தகக் கட்டு. மற்ற நேரமெல்லாம் எஞ்சின் படம் வரைதல். 17 வயதிலேயே, பாதி டர்பைன் போலவும் பாதி பிஸ்டன் எஞ்சின் போலவும் உள்ள ஒரு புது எஞ்சினைக் கனவில் கண்டதாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். கனவோடு அவர் நிற்கவில்லை. 1924-ல் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கொல்லைப்புறக் கொட்டகை ஒன்றில் சிறு பட்டறை போட்டார். 1929-ல் சுழலும் எஞ்சினுக்கு முதல் பேடண்ட் வாங்கினார்.

கறை படிந்த பக்கம்

இளம் வயதில் வாங்கெல் யூதர்களை வெறுக்கும் கூட்டங்களில் சேர்ந்தார். 1922-லேயே ஹிட்லரின் நாஜிக் கட்சியில் உறுப்பினர் ஆனார். 1930-களின் தொடக்கத்தில் பாடன் மாகாணத்தில் ஹிட்லர் இளைஞர் படையை நடத்தினார். அங்கே கட்சியின் மாகாணத் தலைவர் வாக்னரோடு மோதல் வந்தது. தலைவர் ஊழல் செய்கிறார் என்று வாங்கெல் குற்றம் சாட்டினார். 1933-ல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் வாக்னர் பழி தீர்த்துக்கொண்டார். வாங்கெல் பல மாதம் லார் சிறையில் கிடந்தார். ஹிட்லரின் பொருளாதார ஆலோசகரான கெப்ளர் தலையிட்டு அவரை வெளியே கொண்டுவந்தார்.

சிறை போய் வந்தும் அவர் நாஜி ஆட்சியை விட்டு விலகவில்லை. டெய்ம்லர்-பென்ஸ், பி.எம்.டபிள்யூ. கம்பெனிகளில் சிறிது காலம் வேலை பார்த்தார். 1936-ல் விமான அமைச்சகமே அவருக்கு லிண்டாவ் ஏரிக்கரையில் ஓர் ஆராய்ச்சிப் பட்டறை அமைத்துக் கொடுத்தது. போர் விமான எஞ்சின்களுக்குச் சுழலும் வால்வுகளையும், காற்று கசியாத சீல்களையும் அங்கே உருவாக்கினார். 1940-ல் எஸ்.எஸ். படையில் அதிகாரிப் பதவியும் கிடைத்தது. 1942-ல் அதிலிருந்து நீக்கப்பட்டார். லட்சக்கணக்கான மக்களைக் கொன்று குவித்த அமைப்பு அது. அதன் சீருடையை அணிந்த ஒருவரின் திறமையைப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

1945-ல் பிரெஞ்சுப் படை லிண்டாவுக்குள் நுழைந்தது. பட்டறை பிரித்தெடுக்கப்பட்டது. வாங்கெல் மறுபடி சிறைக்குப் போனார். 1946-ல் வெளியே வந்தபோது இயந்திரமும் இல்லை, வேலை செய்ய அனுமதியும் இல்லை. பென்சிலும் காகிதமும்தான் மிச்சம். வீட்டில் உட்கார்ந்து மறுபடி வரைய ஆரம்பித்தார்.

எஞ்சின் பிறந்தது

1951-ல் அதிர்ஷ்டம் திரும்பியது. பிஸ்டன் ரிங் செய்யும் கெட்சே கம்பெனி உதவிக்கு வந்தது. அதே ஆண்டில் மோட்டார் சைக்கிள் தயாரித்து வந்த என்.எஸ்.யு. கம்பெனியோடும் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1957 பிப்ரவரி 1-ந் தேதி நெக்கர்சுல்ம் என்ற ஊரில் என்.எஸ்.யு. ஆலையில் முதல் ரோட்டரி எஞ்சின் ஓடியது.

இந்த எஞ்சின் எப்படி வேலை செய்கிறது? சாதாரண எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஏறி இறங்குகிறது. அந்தக் குதிப்பைக் கனெக்டிங் ராடும் கிராங்க் ஷாப்டும் சேர்ந்து சுழற்சியாக மாற்றுகின்றன. வாங்கெல் எஞ்சினில் பிஸ்டன் இல்லை, கனெக்டிங் ராடு இல்லை, வால்வும் இல்லை. நடுவில் சற்று இடுங்கிய முட்டை வடிவக் கூடு ஒன்று. அதற்குள் மூன்று முனை கொண்ட ரோட்டர் ஒன்று. பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணம் என்று அதைச் சொல்லலாம். ரோட்டர் சுழலும்போது மூன்று முனைகளும் கூட்டின் சுவரை எப்போதும் தொட்டபடி போகும். முனைக்கும் முனைக்கும் நடுவே மூன்று அறைகள் உண்டாகி, விரிந்தும் சுருங்கியும் பெட்ரோல் கலவையை இழுத்து, அழுத்தி, எரித்து, புகையை வெளியே தள்ளும். ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். உறுப்புகள் குறைவு, எடை குறைவு, அதிர்ச்சியும் மிகக் குறைவு.

வாங்கெல் முதலில் செய்த மாதிரியில் ரோட்டரோடு கூடும் சேர்ந்து சுழன்றது. ஓட்டம் அழகுதான். ஆனால் ஸ்பார்க் பிளக் மாற்றவே எஞ்சினைப் பிரிக்க வேண்டும்! பாஷ்கே என்ற என்.எஸ்.யு. என்ஜினீயர், கூட்டை அசையாமல் நிறுத்தி ரோட்டரை மட்டும் சுழலவிட்டார். 1958 ஜூலையில் அந்த மாதிரி ஓடியது. வாங்கெலுக்குத் தெரியாமலே நடந்த மாற்றம் இது. அவருக்கு இதில் மிகுந்த மனவருத்தம். என்றாலும் உலகம் வாங்கெல் எஞ்சின் என்று அறிந்தது பாஷ்கே திருத்திய இந்த எஞ்சினைத்தான்.

எல்லாம் எண்ணெய் செய்யும் வேலை

ரோட்டரி எஞ்சினின் பலமும் பலவீனமும் எண்ணெயில் இருக்கின்றன. ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக்சில் பாக்சில் எண்ணெய் வற்றினால் ஹாட் ஆக்சில் ஆகி, வண்டியையே நிறுத்தி வாகனைக் கழற்றிவிட வேண்டிவரும். சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் பார்த்தவர்களுக்கும், பி.இ.எம்.எல். தொழிலாளர்களுக்கும் இதே பாடம்தான்.

எஞ்சினுக்குள் எண்ணெயைச் சுற்றவிட இரண்டு முறைகள் உண்டு. முதலாவது வெட் சம்ப். எஞ்சினுக்கு அடியில் உள்ள தட்டையான பாத்திரத்தில் எண்ணெய் எப்போதும் கிடக்கும். நம் மெக்கானிக்குகள் ஆயில் சேம்பர் என்பார்கள். பம்பு அதிலிருந்து உறிஞ்சி பேரிங்குகளுக்கு அனுப்பும். வேலை முடிந்த எண்ணெய் சொட்டிச் சொட்டி மறுபடி கீழே வந்து சேரும். அம்பாசிடர் கார் முதல் சாலையில் ஓடும் பெரும்பாலான கார்கள் இந்த வகைதான். பம்பு ஒன்று போதும், குழாய் தொல்லை இல்லை, செலவு குறைவு. குறை எங்கே என்றால், வண்டி வேகமாக வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கையில் தண்ணீர்த் தட்டோடு ஓடிப் பார்த்தால் புரியும். அந்தக் கணத்தில் பம்பு எண்ணெயை விட்டுவிட்டுக் காற்றை உறிஞ்சினால் பேரிங்கின் கதி அதோகதி.

இரண்டாவது டிரை சம்ப். இதில் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்க விடுவதில்லை. கீழே விழும் எண்ணெயை ஒரு பம்பு உடனுக்குடன் உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பும். அந்தத் தொட்டியிலிருந்து இன்னொரு பம்பு பேரிங்குகளுக்குக் கொடுக்கும். வண்டி எப்படித் திரும்பினாலும் தொட்டியின் அடியில் எண்ணெய் இருக்கும். தொட்டியைப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம். அடிப்பாத்திரம் ஆழமாக வேண்டாததால் எஞ்சினைத் தாழ்வாக உட்கார வைக்கலாம். ஆனால் பம்பு கூடுதல், குழாய் கூடுதல், எடை கூடுதல். ஒழுகும் இடங்களும் கூடுதல்.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். 1955 முதல் சென்னைக்கும் என்பீல்டு கம்பெனிக்கும் உள்ள உறவைத் திருவொற்றியூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே தயாரான பழைய இரும்புச் சிலிண்டர் புல்லட் ஒரு டிரை சம்ப் வண்டிதான். எண்ணெய்த் தொட்டி எஞ்சின் வார்ப்புக்குள்ளேயே அடங்கியிருப்பதால் பலருக்கு அது தெரிவதில்லை. கொடுக்கும் பம்பு ஒன்று, திருப்பி எடுக்கும் பம்பு ஒன்று என்று இரண்டும் அதற்குள் இருக்கின்றன.

ரோட்டரியில் வரும் சிக்கல்

வாங்கெல் எஞ்சினில் எண்ணெய்க்கு மூன்று வேலை. ஷாப்டின் பேரிங்குகளுக்கு வழவழப்புத் தர வேண்டும். நெருப்பின் நடுவே சுழலும் ரோட்டரின் உட்புறத்தைக் குளிரச் செய்ய வேண்டும். மூன்று முனைகளிலும் பொருத்தியிருக்கும் சீல் பட்டைகள் கூட்டுச் சுவரைத் தேய்த்துவிடாமல் காக்க வேண்டும்.

முதல் இரண்டு வேலைகளையும் செய்த எண்ணெய் திரும்பி வந்துவிடும். அதைக் கீழே பாத்திரத்தில் விடலாம், அல்லது தனித் தொட்டிக்கு அனுப்பலாம். ஆனால் ரோட்டருக்குள் போன எண்ணெய் தேங்காமல் வெளியேற வேண்டும். தேங்கினால் பக்க சீலைத் தாண்டி எரியும் அறைக்குள் கசியும். புகை போக்கியில் நீலப் புகை வரும். மூன்றாவது வேலை செய்யும் எண்ணெய் திரும்புவதே இல்லை. அளவு பம்பு ஒன்று சொட்டுச் சொட்டாக அதை அறைக்குள் விடும். சீலை நனைத்துவிட்டுப் பெட்ரோலோடு சேர்ந்து அது எரிந்துபோகும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் மொபெட் வைத்திருந்தவர்களுக்கு இந்த நஷ்டக் கணக்கு பழக்கமானது.

ஆகவே வெட் சம்ப் வைத்தாலும் டிரை சம்ப் வைத்தாலும் ரோட்டரி எஞ்சின் எண்ணெய் குடிக்கத்தான் செய்யும். சம்ப் முறை பேரிங்கையும் சூட்டையும்தான் கவனிக்கும். முனை சீலின் பசி தனி. அதைக் குறைத்தால் சீல் தேயும். கூட்டினால் புகையும் செலவும் ஏறும்.

புகழும் சரிவும்

1960 ஜனவரியில் மூனிச் நகரில் ஜெர்மன் என்ஜினீயர்கள் முன்னிலையில் இந்த எஞ்சின் உலகுக்கு அறிமுகமானது. அமெரிக்காவின் கர்ட்டிஸ்-ரைட் அதற்கு முன்பே, 1958-லேயே உரிமை வாங்கியிருந்தது. 1961-ல் ஜப்பானின் டோயோ கோக்யோ, அதாவது மாஸ்டா கார் கம்பெனி வாங்கியது. பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ் போன்றவையும் வரிசையில் நின்றன. 1964-ல் என்.எஸ்.யு. ஸ்பைடர் கார் விற்பனைக்கு வந்தது. 1967-ல் வந்த என்.எஸ்.யு. ரோ 80 ஐரோப்பாவில் 1968-ம் ஆண்டின் சிறந்த கார் என்ற பரிசைத் தட்டிக்கொண்டது.

பரிசு வந்த வேகத்தில் புகாரும் வந்தது. முனை சீல்கள் சீக்கிரம் தேய்ந்தன. கம்பெனி எஞ்சினை இலவசமாக மாற்றிக் கொடுத்தே நொந்துபோனது. 1969-ல் என்.எஸ்.யு. தனித்து நிற்க முடியாமல் ஆடியோடு இணைக்கப்பட்டது. ரோ 80 கார் 1977 வரை வந்தது. மொத்தம் சுமார் 37,000 கார்கள்தான். 1973-ல் பெட்ரோல் விலை உலகெங்கும் ஏறியதும், பெட்ரோலை அதிகம் குடிக்கும் ரோட்டரி எஞ்சினைப் பல கம்பெனிகள் கைகழுவின. ஜெனரல் மோட்டார்சும் திட்டத்தைக் கைவிட்டது.

விடாப்பிடியாக நின்றது ஜப்பான் மட்டும். ஹிரோஷிமா நகரில் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 என்ஜினீயர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். கூட்டுச் சுவரில் சீல் அதிர்ந்து விழுந்த வரிவரியான கீறல்களைப் பேயின் நகக் கீறல் என்று அழைத்தார்கள். கரியும் அலுமினியமும் சேர்த்துச் செய்த சீலால் அந்தப் பேயை ஓட்டினார்கள். 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் கார் வெளிவந்தது. 1978-ல் வந்த ஆர்.எக்ஸ்.-7 உலகெங்கும் விற்றது. சாலையில் ஓடும் இந்த மாஸ்டா கார்களுக்கு வெட் சம்ப் போதுமானதாக இருந்தது.

பந்தயத்துக்கு அது போதவில்லை. 1991 ஜூன் மாதம் பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் நகரில் 24 மணி நேர மோட்டார் பந்தயம். மாஸ்டாவின் 787பி கார் நான்கு ரோட்டர் எஞ்சினோடு இறங்கியது. அந்த எஞ்சினுக்கு டிரை சம்ப். ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாமல் வளைவுகளில் பாய்ந்தும் எண்ணெய் ஓட்டம் தடைப்படவில்லை. முதல் பரிசு அந்தக் காருக்கே. அந்தப் பந்தயத்தில் ஜப்பானியக் கம்பெனி ஒன்று வென்றது அதுவே முதல் தடவை. இந்த வெற்றியைக் காண வாங்கெல் உயிரோடு இல்லை.

கடைசிக் காலம்

1971-ல் வாங்கெலும் அவருடைய பங்காளியும் தங்கள் உரிமைக் கம்பெனியை லோன்ரோ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 10 கோடி மார்க்குக்கு விற்றார்கள். பணம் வந்தபின்னும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. லிண்டாவில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். நீரைக் கிழித்துப் பாயும் புது வகைப் படகு ஒன்றில் பல ஆண்டு செலவிட்டார். விலங்குகளை ஆராய்ச்சிக்காகத் துன்புறுத்துவது அவருக்குப் பிடிக்காது. அதைத் தவிர்க்க வழி காணும் விஞ்ஞானிகளுக்குத் தம் பெயரில் 1972-ல் ஒரு பரிசு ஏற்படுத்தினார். வாயில்லா ஜீவன்களுக்கு இரங்கிய அதே மனிதர்தான் இளமையில் மனிதரை மனிதர் வெறுக்கும் கூட்டத்தில் நின்றார்.

கல்லூரி படிக்காதவருக்கு மூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1969-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ரோ 80 கார் ஒன்றை வைத்திருந்தார், ஓட்டியது டிரைவர்தான். மனைவி எம்மா 1975-ல் காலமானார். குழந்தைகள் இல்லை. 1988 அக்டோபர் 9-ந் தேதி, இளமையில் பட்டறை போட்ட அதே ஹைடல்பெர்க் நகரில் வாங்கெல் கண்மூடினார். வயது 86.

கோலார் வானில்

வாங்கெல் எஞ்சினுக்கும் நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்திய ராணுவத்துக்காக உருவான ஆளில்லா வேவு விமானம் நிஷாந்த். அதற்கு முதலில் வெளிநாட்டு எஞ்சின்தான் வந்தது. அதற்குப் பதிலாக உள்நாட்டிலேயே ஒரு வாங்கெல் எஞ்சின் செய்ய முனைந்தார்கள். எஞ்சினின் முக்கிய பாகங்களைப் பெங்களூரில் உள்ள தேசிய விமான ஆய்வுக்கூடம் செய்தது. கூட்டுச் சுவர் தேயாமலிருக்க நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த பூச்சு கொடுத்தார்கள். இக்னிஷன், பெட்ரோல் ஏற்பாடுகளை அகமத்நகர் ராணுவ வாகன ஆராய்ச்சி நிலையம் கவனித்தது. பறக்கவிட்டுப் பார்த்த பொறுப்பு பெங்களூர் விமான வளர்ச்சி நிலையத்துக்கு.

2009-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், கோலாரை அடுத்த தலேகுண்டே கிராமத்திலிருந்து அந்த விமானம் கிளம்பியது. சுமார் 30 கிலோ எடையுள்ள எஞ்சின் அது. 12 நிமிடத்தில் 1.8 கிலோமீட்டர் உயரம் ஏறி, 35 நிமிடம் பறந்து, பத்திரமாக இறங்கியது. உள்நாட்டு வாங்கெல் எஞ்சின் வானில் பறந்தது அதுவே முதல் தடவை. தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்ட பிறகு, வேலை தேடி மாரிக்குப்பம் வண்டியில் பெங்களூருக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானவர்களில் பலருக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்காது.

சாலையில் ரோட்டரி கார்கள் குறைந்துவிட்டன. மாஸ்டா ஆர்.எக்ஸ்.-8 தயாரிப்பு 2012-ல் நின்றது. ஆனால் 2023-ல் அதே கம்பெனி, மின்சாரக் காரின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டராக ஒரு சிறு ரோட்டரி எஞ்சினை மறுபடி கொண்டுவந்தது. சிறிய இடத்தில் அடங்கி, அதிராமல் ஓடும் குணம் அதற்குக் கை கொடுத்தது.

வாங்கெலின் அரசியலை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. அவருடைய கூட்டாளிகள் உலகுக்குச் செய்த கேடு சரித்திரத்தில் அழியாமல் இருக்கிறது. அவருடைய விடாமுயற்சியைக் கற்றுக்கொள்ளலாம். கொட்டகையில் பட்டறை போட்ட 1924-ம் ஆண்டிலிருந்து எஞ்சின் ஓடிய 1957 வரை 33 ஆண்டுகள் அவர் காத்திருந்தார். அந்த எஞ்சினைச் சாலைக்கு ஏற்றதாக்கியவர் பாஷ்கே. அதைக் காப்பாற்றியவர்கள் ஹிரோஷிமாவின் 47 பேர். கோலார் வானில் பறக்கவிட்டவர்கள் நம் நாட்டு என்ஜினீயர்களும் தொழிலாளர்களும். எஞ்சினுக்கு இருப்பது வாங்கெல் ஒருவரின் பெயர். அதை ஓட வைத்த கைகளோ பல.